மூடி போட்ட வெள்ளிக்காசு

போன மாதம் சரவணம்பட்டியிலிருந்து ஒரு பெண் போன் செய்தாள். நான் வேலை பார்த்த பெட்டிக் கம்பெனி இப்போது அங்கேதான் இருக்கிறது. கம்ப்யூட்டரில் பெட்டி வரைகிற பிரிவில் புதிதாகச் சேர்ந்திருக்கிறாளாம். ஏதோ ஒரு கல்லூரி விழாவுக்கு வெள்ளியில் நினைவு நாணயம் போடுகிறார்கள், அதற்குப் பெட்டி வேண்டும்.

"ஆன்ட்டி, காயினை உள்ள வச்சு சீல் பண்ணிடலாமுங்களா, இல்லை வெளிய எடுக்கிற மாதிரி வைக்கலாமுங்களா? நீங்க அந்தக் காலத்துல நிறையச் செஞ்சிருக்கீங்கன்னு ஆபீஸ்ல சொன்னாங்க" என்றாள்.

"எடுக்கிற மாதிரி வை கண்ணு" என்றேன்.

"ஏனுங்க ஆன்ட்டி?"

அடுப்பில் பால் பொங்கிக்கொண்டிருந்தது. எழுதி அனுப்புகிறேன் என்று சொல்லி வைத்துவிட்டேன். எழுத உட்கார்ந்தால் நீண்டுகொண்டே போகிறது. என்னைத் தெரிந்தவர்களுக்கு இது ஆச்சரியமில்லை. பாக்கியம் வாயைத் திறந்தால் பஸ்ஸை விட்டுவிட வேண்டியதுதான் என்று கம்பெனியில் கேலி பேசுவார்கள்.

நான் சேர்ந்தபோது கம்பெனி ஆர்.எஸ்.புரத்தில் ஒரு பழைய வீட்டின் பின்பக்கத்தில் இருந்தது. நகைக்கடைகளுக்கு மோதிரப் பெட்டி, கம்மல் பெட்டி, ஆரத்துக்கு நீளப் பெட்டி. முதலில் பசை தடவினேன். அப்புறம் வெல்வெட் வெட்டினேன். மூலையில் சுருக்கம் விழாமல் துணியை இழுத்து ஒட்டக் கற்றுக்கொள்வதற்குள் கட்டை விரல் நகமே தேய்ந்துபோனது. தொண்ணூறுகள் பிறந்தபோது பேக்கிங் பிரிவை என்னிடம் ஒப்படைத்திருந்தார்கள். அவ்வளவுதான் என் படிப்பு.

எங்கள் முதலாளி வீட்டில் தெலுங்கு பேசுகிறவர். எங்களிடம் பேசுவது மட்டும் சுத்தமான கோயமுத்தூர்த் தமிழ். பதினாறு வயதுப் பெண்ணைக்கூட "வாங்க, போங்க" என்றுதான் கூப்பிடுவார். கோபம் வந்தால் தெலுங்குக்குப் போய்விடுவார். எங்களுக்குப் புரியாது என்பதால் அவருக்கும் வசதி, எங்களுக்கும் வசதி.

அவரிடம் ஒரு பழக்கம் இருந்தது. புதுப் பெட்டி ஒன்று செய்து முடித்ததும் அதை யார் கையிலாவது கொடுப்பார். தபால்காரர், டீ கொண்டுவருகிறவர், யாராக இருந்தாலும் சரி. "கொஞ்சம் தொறந்து பாருங்க" என்பார். பெட்டியைப் பார்க்கமாட்டார், அவர்களுடைய கட்டை விரலைத்தான் பார்ப்பார். விரல் எங்கே போய் மூடியைத் தேடுகிறதோ அங்கே ஒரு சின்ன வளைவு வெட்டச் சொல்வார். திறக்கும்போது சத்தம் வரக் கூடாது. திறந்ததும் உள்ளே இருப்பது ஆடக் கூடாது. கடைசியாக, திறந்தவர் அடுத்து என்ன செய்கிறார் என்று கவனிப்பார். நூற்றுக்குத் தொண்ணூறு பேர் உள்ளே இருப்பதை எடுத்து உள்ளங்கையில் வைத்துப் பார்ப்பார்கள். "பாத்தீங்களா அம்மணி, கண்ணுல பாத்தாப் பத்தாதுங்க நம்ம ஆளுகளுக்கு" என்று சிரிப்பார்.

நாணயப் பெட்டியில் எங்களுக்கு முதல் அடி உடுமலைப்பேட்டையில் விழுந்தது. அங்கே ஒரு தேங்காய் மண்டிக்காரர், மகள் கல்யாணத்துக்கு வந்தவர்களுக்கு ஆளுக்கொரு வெள்ளிக்காசு கொடுக்க ஆசைப்பட்டார். மாப்பிள்ளை பெண் பெயர் பொறித்த காசு. சிவப்பு வெல்வெட் பெட்டி, அடியில் மெத்தென்று ரப்பர் ஸ்பாஞ்சு. பார்க்க அவ்வளவு அழகு. ரெண்டு மாதம் கழித்து மனுஷன் மடியில் நாலைந்து பெட்டியைக் கட்டிக்கொண்டு வந்து நின்றார்.

"ஏனுங்க, வெள்ளின்னு குடுத்தேனுங்க. சம்பந்தி ஊட்ல இரும்புக்காசு குடுத்துட்டான்னு பேசறாங்க. நான் தலை நிமுந்து ஊருக்குள்ள நடக்கறதா வேண்டாமா?"

திறந்து பார்த்தால் எல்லாம் அடுப்புக்கரி. ரப்பரில் இருக்கும் கந்தகம் வெள்ளியைக் கறுக்க வைத்துவிடும் என்று எங்களுக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. முதலாளி ஒரு வார்த்தை மறுத்துப் பேசவில்லை. கொடுத்த பெட்டி அத்தனையையும் வாங்கி வந்து, காசுகளைத் துலக்கி, பஞ்சு வைத்த புதுப் பெட்டியில் போட்டுக் கொடுத்தார். அன்றோடு ரப்பர் என்ற பொருளே கம்பெனிக்குள் வரக் கூடாது என்றாகிவிட்டது. ஜடையில் ரப்பர் பேண்டு போட்டு வந்த பெண்களைக்கூட வாசலிலேயே நிறுத்தி ரிப்பன் கொடுத்தார். நாங்கள் அத்தனை பேரும் பள்ளிக்கூடப் பிள்ளைகள் மாதிரி ரிப்பன் கட்டிக்கொண்டு அலைந்தோம், போங்கள்.

இப்போது அந்த மில் கதைக்கு வருகிறேன்.

தொண்ணூறுகளின் நடுவில், ஊரில் மில்கள் ஒவ்வொன்றாகக் கதவடைத்துக்கொண்டிருந்த நேரம். நகைக்கடைகளும் வெளியூர் பிளாஸ்டிக் பெட்டிக்கு மாறிக்கொண்டிருந்தன. எங்களுக்கு வேலை குறைந்து, வாரத்தில் ரெண்டு நாள் சும்மா உட்கார்ந்திருப்போம். அப்போதுதான் நன்றாக நடந்துகொண்டிருந்த ஒரு மில்லிலிருந்து ஆர்டர் வந்தது. மில்லுக்கு ஐம்பது வருடம் நிறைகிறது, தொழிலாளிகள் எல்லோருக்கும் மேடையில் வைத்து வெள்ளி நாணயம் கொடுக்கப் போகிறார்கள். ஒரு பக்கம் மில் வாசல், மறுபக்கம் மில்லுக்குள் இருக்கும் மாரியம்மன்.

மில்காரர் குடும்பம் தோட்டம் துரவிலிருந்து தொழிலுக்கு வந்தவர்கள். பெரியவர் படுத்த படுக்கையாக இருந்தார். அவருடைய மகன்தான் எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டார். எல்லோரும் அவரைச் சின்னவர் என்போம். வெளிநாட்டில் படித்தவர், நல்ல மனுஷன்தான், ஆனால் நினைத்தது நினைத்தபடி நடக்க வேண்டும்.

மூன்று மாதிரி செய்து மேசையில் வைத்தோம். முதலாவது தடித்த அட்டை மடிப்பு, நடுவில் கண்ணாடித்தாள் ஜன்னல், அதற்குள் நாணயம். செலவு கம்மி, சட்டைப் பையில் வைத்துப் போகலாம். இரண்டாவது நீல வெல்வெட் பெட்டி. நாணயத்தின் அளவுக்குப் பள்ளம், ஓரத்தில் விரல் நுழைய இடம். மூன்றாவது தேக்குப் பெட்டி. அதில் நாணயம் வெறுமனே இருக்காது. கண்ணாடி மாதிரி தெளிவான அக்ரிலிக்கில் ரெண்டு மூடி, நடுவில் நாணயம், மேலே அமுக்கினால் 'டப்' என்று பூட்டிக்கொள்ளும். அப்புறம் திறக்க வராது. அதைச் சிமிழ் என்று சொல்வோம்.

சின்னவர் யோசிக்கவே இல்லை. சிமிழைத் தொட்டார். "இதுங்க. காயின் கண்ணாடி மாதிரி பாலிஷ்ல வருது. கை பட்டா ரேகை விழும். ஐம்பது வருஷம் கழிச்சும் இப்படியே இருக்கோணும்."

முதலாளி வெல்வெட் பெட்டியை மெல்ல அவர் பக்கம் நகர்த்தினார். "தொழிலாளிக கையில எடுத்துப் பாக்க ஆசைப்படுவாங்களேங்க."

"பாக்கட்டுமுங்க. சிமிழுக்குள்ள நல்லாத்தானே தெரியுது?"

முதலாளி வெல்வெட் பெட்டியைத் திரும்ப எடுத்துக்கொண்டார். ஆர்டர் கொடுக்கிறவர் சொல்லிவிட்டால் அதுதான் முடிவு.

வேலைக்கு முறை வகுத்தோம். ஒரு அறையைத் தனியாகக் கழுவி, மின்விசிறியை நிறுத்தி, ஜன்னலில் ஈரத்துணி கட்டினோம். ஊதுபத்தி, சூடம் கூடாது. வளையல், மோதிரம் கழற்ற வேண்டும். வெள்ளைக் கையுறை போட்டு, நாணயத்தை விளிம்பில் மட்டும் பிடிக்க வேண்டும். நாணயத்தின் முகப்பில் எதுவும் படக் கூடாது. தூசி இருந்தால் ஒட்டக மயிர் பிரஷ்ஷால் ஒரே ஒரு தள்ளு. சிமிழில் வைத்து, ரெண்டு கட்டை விரலாலும் ஒரே நேரத்தில் அமுக்க வேண்டும். ஒரு பக்கம் முந்தினால் மூடி விரிசல் விடும்.

அந்த அமுக்கல் எல்லோருக்கும் வரவில்லை. முதல் நாளிலேயே கைவந்தவள் சரோஜா. என்னோடு பல வருடம் இருந்தவள், சிங்காநல்லூர்ப் பக்கம் லைன் வீட்டில் குடியிருந்தாள். அவள் புருஷன் வேலை பார்த்த மில் பூட்டிக் கிடந்தது. ரெண்டு பெண் பிள்ளைகள், ரெண்டும் பள்ளிக்கூடத்தில். அந்த வீட்டில் அடுப்பு எரிந்தது சரோஜா சம்பளத்தில்தான். அது எங்கள் எல்லோருக்கும் தெரியும்.

ஒரு வெள்ளிக்கிழமை. நான் ரிப்பன் வாங்கக் கடைவீதி போய்விட்டு மத்தியானம் திரும்பினேன். அறையில் சரோஜா மட்டும் உட்கார்ந்திருந்தாள். முகமெல்லாம் பூரிப்பு.

"அக்கா, இங்க வந்து பாருங்க. எப்படி மின்னுது பாருங்க!"

ஒரு தட்டு நிறைய நாணயம். எல்லாவற்றிலும் மாரியம்மன் முகம் பளபளவென்று மின்னியது. ஒன்றை எடுத்து வெளிச்சத்தில் சாய்த்தேன். கண்ணாடி மாதிரி இருந்த இடமெல்லாம் மயிரிழை மயிரிழையாகக் கோடு.

"என்னடி பண்ணித் தொலைச்ச?"

"சிலதுல அம்மன் மூஞ்சியில வெள்ளையாத் தேமல் மாதிரி இருந்துச்சுங்க அக்கா. அப்படியே வெச்சு மூட மனசு வருமா? இடுப்புல கோயில் திண்ணூறுப் பொட்டலம் இருந்துச்சு. ரெண்டு தேய் தேய்ச்சேன். ஒண்ணு பளிச்சுன்னு ஆனதும் மத்ததெல்லாம் மங்கலாத் தெரிஞ்சுதுங்க. அதான் தட்டு முழுக்கத் தேய்ச்சுப்போட்டேன்." என் முகத்தைப் பார்த்துவிட்டு அவசரமாகச் சொன்னாள், "கை படலீங்க அக்கா. உறை போட்டுத்தான் தேய்ச்சேன்."

என்னத்தைச் சொல்வது? நம் வீட்டில் வெள்ளி விளக்கைத் திருநீறு போட்டுத்தான் தேய்ப்போம். குழந்தையின் அரைஞாண் கறுத்தால் திருநீறு. எனக்கும் அம்மா கற்றுக்கொடுத்தது அதுதான். ஆனால் அது விளக்கு, இது வேறு பாலிஷ். அச்சில் இருந்து வந்த கண்ணாடி மெருகைத் திருநீறுப் பொடி அராவிக்கொண்டு போய்விட்டது. திரும்ப வராது.

வேறு யாராவது முதலாளியாக இருந்தால் அந்தத் தட்டை மூடி மறைத்திருப்பார்கள். எங்கள் முதலாளி தட்டைத் தன் மேசை டிராயரில் வைத்துப் பூட்டிவிட்டு, அடுத்த நிமிஷமே மில்லுக்குப் போன் போட்டார்.

சின்னவர் நேரில் வந்தார். லென்ஸ் வைத்து ஒவ்வொன்றாகப் பார்த்தார். கத்தவில்லை. கத்தியிருந்தால்கூடத் தேவலை.

"பதிலுக்கு வேற காயின் விழாவுக்குள்ள வராதுங்க. இந்தத் தட்டுக்கு உண்டான ஆளுகளுக்கு மேடையில வெறுங்கைதான்." கொஞ்சம் நிறுத்திச் சொன்னார், "இதைப் பண்ணுனவங்க இனிமே இங்க இருக்கக் கூடாதுங்க. இருந்தா மீதி வேலையை நான் வேற எடம் பாத்துக்கறேன்."

அந்த ஆர்டர் போனால் நாங்கள் அத்தனை பேரும் வீட்டில்தான். முதலாளி வெகு நேரம் பேனா மூடியைத் திருகிக்கொண்டிருந்தார். அப்புறம் சரோஜாவைக் கூப்பிட்டார். அவள் முகத்தைப் பார்க்காமல், "கொஞ்ச நாள் ஊட்ல இருங்க அம்மணி. நான் சொல்லி அனுப்பறேன்" என்றார்.

கொஞ்ச நாள் என்றால் என்ன அர்த்தம் என்று அந்த அறையில் தெரியாதவர் யாரும் இல்லை. சரோஜா அழவில்லை. கையுறையைக் கழற்றி, விரல் விரலாக நீவி மடித்து, என்னிடம் கொடுத்தாள். "சின்னவளுக்குச் செருப்பு வாங்கோணும்னு இருந்தேனுங்க அக்கா" என்று மட்டும் சொன்னாள். அவள் கேட்டைத் தாண்டியதும் நேரே முதலாளி அறைக்குப் போனேன்.

"அவளை அனுப்பிட்டு நாம சோறு திங்கறதுங்களா?"

"நான் என்னங்க பண்றது அம்மணி? நீங்களே சொல்லுங்க."

பதில் தெரியாமல் நான் வாயை மூடியது என் சர்வீஸில் அன்றைக்குத்தான். அவள் இல்லாத அறையில் மூடிகள் வரிசையாக விரிசல் விட்டன.

விழாவுக்கு ரெண்டு நாள் இருக்கும்போது மில் வீட்டிலிருந்து ஆள் வந்தார். முதல் நாணயம் சிறப்பு விருந்தினருக்கு. அதை முன்னமே பேக் செய்து கொடுத்திருந்தோம், சாமி முன்னால் வைத்துப் பூஜை செய்ய வீட்டுக்குக் கொண்டுபோயிருந்தார்கள். விருந்தினர் பெயர் பொறித்த பித்தளைத் தகடு அன்றுதான் தயாரானது. பெட்டியில் அதைப் பொருத்த வேண்டும். முதலாளியும் நானும் போனோம்.

பெரிய வீடு. கூடத்தில் சின்னவர் யாரோடோ போனில் பேசிக்கொண்டே எங்களை உட்காரச் சொன்னார். தேக்குப் பெட்டி மேசைமேல் இருந்தது. தகட்டை வைத்து அளவு பார்க்க மூடியைத் திறந்தேன். உள்ளே பள்ளம் காலி.

நான் முதலாளியைப் பார்த்தேன். அவர் சின்னவரைப் பார்த்தார். சின்னவர் போனை அப்படியே வைத்துவிட்டு உள்ளே பார்த்து, "அம்மா!" என்று கூப்பிட்டார்.

மில் வீட்டம்மா பூஜை அறையிலிருந்து வந்தார். நெற்றி நிறையத் திருநீறு, கையில் வெள்ளித்தட்டு. தட்டில் பூ, எலுமிச்சம்பழம், நடுவில் நாணயம். மாரியம்மன் நெற்றியில் ஒரு பொட்டுக் குங்குமம்.

"அம்மா, அதைத் தொறக்கக் கூடாதுன்னு சொன்னேனுங்களே!"

"தொறக்காம எப்படிக் கண்ணு சாமிக்கு வெக்கறது? சிமிழுக்குள்ள போட்டு மூடி வெச்சா பொட்டு எங்க வெக்கறது? பாக்குவெட்டிய உட்டு நெம்புனேன், வந்துருச்சு." தட்டை எங்கள் பக்கம் நீட்டினார். "அம்மன் மூஞ்சி லேசா மங்குன மாதிரி இருந்துச்சுங்க. திண்ணூறு போட்டு நல்லாத் தேய்ச்சேன். இப்பப் பாருங்க, எப்படி மின்னுதுன்னு!"

வெளிச்சத்தில் சாய்க்கவே தேவையில்லை. நின்ற இடத்திலிருந்தே தெரிந்தது. சரோஜா தேய்த்ததைவிட ரெண்டு மடங்கு கோடு. அந்தம்மா கையில் நல்ல வலு.

எனக்குச் சிரிப்பு வந்தது. முந்தானையை வாயில் வைத்துக்கொண்டேன். சின்னவர் நாணயத்தை எடுத்தார். கையுறை இல்லை, ஒன்றும் இல்லை, உள்ளங்கையில் வைத்துப் பார்த்துக்கொண்டே நின்றார். அந்தம்மா மகனுடைய முகத்தைப் பார்த்து, "நல்லா இருக்குதா கண்ணு?" என்றார்.

"நல்லா இருக்குதுங்க அம்மா" என்றார் சின்னவர்.

அந்தம்மா சந்தோஷமாக எங்களுக்குக் காபி கொண்டுவர உள்ளே போனார். சின்னவர் எங்களைப் பார்க்காமலே கேட்டார், "அந்தத் தட்டு எங்கீங்க இருக்குது?"

"டிராயர்ல பூட்டி வெச்சிருக்கேனுங்க" என்றார் முதலாளி.

"அதையும் போட்டுடுங்க. யாருக்கும் வெறுங்கை வேண்டாம்."

சரிங்க என்று எழுந்துவிடுவார் என்றுதான் நினைத்தேன். எங்கள் முதலாளி எதிர்த்துப் பேசி நான் பார்த்ததில்லை. ஆனால் அவர் நாற்காலியை விட்டு நகரவில்லை.

"போட்டுடலாமுங்க. ஆனா மூடி அமுக்கக் கை தெரிஞ்ச ஆளு ஊட்ல இருக்குதுங்க. நீங்க வேண்டாம்னு சொன்ன ஆளு."

சின்னவர் பூஜை அறைப் பக்கம் ஒரு முறை பார்த்தார். "வரச் சொல்லுங்க" என்றார். அதோடு காபி வந்துவிட்டது.

வெளியே வந்ததும் முதலாளி டிரைவரிடம் சிங்காநல்லூர் போகச் சொன்னார். லைன் வீடுகளின் சந்துக்குள் கார் நுழையவில்லை. இறங்கி நடந்தோம். சரோஜா வாசலில் உட்கார்ந்து அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். எங்களைக் கண்டதும் முறத்தை வைத்துவிட்டு எழுந்தாள்.

"இன்னும் எதாச்சும் கெட்டுப்போச்சுங்களா?"

"ஒண்ணும் கெடலீங்க அம்மணி. நீங்க வேலைக்கு வாங்க" என்றார் முதலாளி. அவள் நம்பாமல் என்னைப் பார்த்தாள். நான் மில் வீட்டில் நடந்ததை ஒன்றுவிடாமல் சொன்னேன், பாக்குவெட்டி முதல் குங்குமம் வரைக்கும். முதலாளியும் பின்பாட்டுப் பாடினார். "பாத்தீங்களா, நீங்க பண்ணுனதைத்தான் அந்தம்மாவும் பண்ணியிருக்காங்க. அவங்களை யாரும் ஊட்டை விட்டுப் போகச் சொல்லலீங்க. உங்களை மட்டும் நான் சொல்லிப்போட்டேன்."

சரோஜா சிரிப்பாள் என்று எதிர்பார்த்தேன். அவள் சிரிக்கவில்லை.

"அவங்க தேய்ச்சது அவங்க ஊட்டுக் காசுங்க மொதலாளி. நான் தேய்ச்சது அடுத்தவங்களுது. தப்புத் தப்புதானுங்க."

முதலாளி மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், திரும்ப மாட்டினார். அனுப்பின அன்றைக்குப் பார்க்காத முகத்தை இப்போது நேருக்கு நேர் பார்த்தார்.

"சரிங்க, தப்புத்தான். அந்தத் தப்போட வேலைக்கு வாரீங்களா?"

அப்போதுதான் அவளுக்கு அழுகை வந்தது. நின்ற இடத்திலேயே முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு அழுதாள். நான் போய்த் தோளைப் பிடித்துக்கொண்டேன். எனக்கும் அழுகைதான், மறைப்பானேன்.

"நாளைக்குக் காத்தால எப்பவும் போல வந்துருங்க" என்று சொல்லிவிட்டு முதலாளி சந்தில் நடக்க ஆரம்பித்தார்.

சரோஜா முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "இன்னும் எத்தனை தட்டுங்க அக்கா பாக்கி இருக்குது?" என்று கேட்டாள். சொன்னேன்.

"விழாவுக்கு நாளை ஒரு நாள்தானுங்களே இருக்குது! அந்தப் புள்ளைக மூடியை ஒடைச்சுப் போடுமுங்க அக்கா." உள்ளே திரும்பிப் பெரிய மகளிடம், "சோறு வெச்சிரு கண்ணு, நான் வர நேரமாகும்" என்று குரல் கொடுத்தாள். செருப்பை மாட்டிக்கொண்டே எங்களைத் தாண்டி வேகமாக நடந்தாள். நாங்கள் சந்து முனைக்குப் போனபோது அவள் காரில் ஏறி உட்கார்ந்திருந்தாள்.